விமானியின் ஐபேடில் இருப்பது கூகுள் மேப் இல்லை

போன மாதம் விமான நிலையத்தில் போர்டிங்குக்காகக் காத்திருந்தேன். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் விமானத்தின் மூக்கு. காக்பிட் ஜன்னலோரம் ஒரு ஐபேடு மாட்டியிருந்தது இங்கிருந்தே தெரிந்தது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் என் தோளைத் தொட்டுக் கேட்டார்: “தம்பி, அதுல மேப் போட்டுத்தான் ஓட்டுவாங்களா? நடுவானத்துல சிக்னல் போயிட்டா?”

“இல்லீங்கய்யா, அது வேற...” என்று ஆரம்பிப்பதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. இந்த விஷயம் காதில் விழுவதே இரண்டு விதமாகத்தான். ‘எல்லாம் கம்ப்யூட்டர்தான், பைலட் சும்மா உட்கார்ந்திருக்கிறார்’ என்பது ஒன்று. ‘ஐபேடு கெட்டால் விமானம் வழி தெரியாமல் திண்டாடும்’ என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. மின்னணு விமான வரைபடச் செயலி என்றால் என்ன, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அடியிலிருந்து பார்ப்போம். முன்னறிவு எதுவும் வேண்டாம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைப் பார்த்த அனுபவம் இருந்தால் போதும்.

காரில் ஓடும் மேப் என்ன செய்கிறது?

கைபேசி மேப்புக்குச் சாலைகள் முன்பே தெரியும். நாம் எங்கே இருக்கிறோம் என்று ஜிபிஎஸ் சொல்கிறது. இரண்டையும் சேர்த்து, ‘200 மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்’ என்கிறது. தப்பாகத் திரும்பினாலும் கோபப்படாமல் வேறு வழி போட்டுத் தருகிறது. அதுவும் குழப்பினால் வண்டியை ஓரங்கட்டி டீக்கடையில் விசாரிக்கலாம்.

வானத்தில் ஓரங்கட்ட முடியாது. சாலையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. விமானிக்கு எழும் கேள்விகளும் வேறு. இந்த இடத்தில் எந்த உயரத்துக்குக் கீழே இறங்கினால் மலை இடிக்கும்? இது யார் கட்டுப்பாட்டில் இருக்கும் வான்பகுதி, எந்த அலைவரிசையில் பேச வேண்டும்? ஓடுபாதை எத்தனை அடி நீளம்? மேகத்துக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது ஓடுபாதை கண்ணுக்கே தெரியவில்லை என்றால் எந்தப் பக்கம் திரும்பி, எந்த உயரத்துக்கு ஏற வேண்டும்? இவை எதற்கும் கார் மேப்பில் பதில் கிடையாது.

இன்னொரு வித்தியாசம் உண்டு. கார் மேப்பில் தேதி இருக்காது. அது இன்றைக்கு அடித்ததா, மூன்று வருடம் பழையதா என்று நாம் யாரும் கேட்பதில்லை. விமானி முதலில் பார்ப்பதே தேதியைத்தான். ஏன் என்று பிறகு வருகிறேன்.

பத்து சென்ட் நோட்டுப் புத்தகம்

1930 வாக்கில் அமெரிக்காவில் எல்ரே ஜெப்பசன் என்ற இளைஞர் தபால் விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். சால்ட் லேக் சிட்டிக்கும் ஷையேனுக்கும் நடுவே ராக்கி மலைகளைத் தாண்டும் தடம் அவருடையது. அன்றைக்கு விமானிகளிடம் இருந்தது கார் ஓட்டுபவர்களுக்கான சாலை வரைபடம். வழி தெரியாவிட்டால் ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே தாழப் பறப்பார்கள். நிறையப் பேர் செத்தார்கள்.

ஜெப்பசன் பத்து சென்ட் கொடுத்து ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். போகிற இடமெல்லாம் எழுதினார்: இந்த மைதானம் இத்தனை அடி நீளம், இந்தப் பக்கம் சரிவு, மழை பெய்தால் தண்ணீர் நிற்கும், அந்த மூலையில் ஒரு புகைபோக்கி, அதன் உயரம் இவ்வளவு. விடுமுறை நாளில் உயரமானியைத் தூக்கிக்கொண்டு மலையேறி அளந்தார். வழியிலிருக்கும் விவசாயிகளின் தொலைபேசி எண்களைக்கூட எழுதி வைத்துக்கொண்டார். கிளம்புவதற்கு முன் கூப்பிட்டு, ‘அங்கே வானம் எப்படி இருக்கு?’ என்று கேட்பதற்கு.

மற்ற விமானிகள் நகல் கேட்டார்கள். 1934இல் பத்து டாலருக்கு விற்க ஆரம்பித்தார். அந்தத் தொழில்தான் ஜெப்பசன் என்ற நிறுவனமாக வளர்ந்து, 2000இல் போயிங் கைக்குப் போனது. 2025இல் அதையும் ஃபோர்ஃபிளைட் உள்ளிட்ட தன் வேறு சில மென்பொருள் பிரிவுகளையும் சேர்த்து 1,055 கோடி டாலருக்கு விற்பதாக போயிங் அறிவித்தது. பத்து சென்ட் நோட்டுக்கு மோசமில்லை.

அந்த நோட்டில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அது நிலத்தின் படம் கிடையாது. இறங்கப்போகும் ஒருவன் என்னென்ன கேட்பானோ அதற்கெல்லாம் முன்கூட்டியே எழுதிவைத்த பதில். இன்றைய ஐபேடு செயலியும் அதே நோட்டின் பேரன்தான்.

நடுவில் அந்த நோட்டு பூதமாக வளர்ந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஒரு விமானி கையில் தூக்கிக்கொண்டு போன தோல்பை, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கணக்குப்படி 35 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 16 கிலோ. உள்ளே ஆயிரக்கணக்கான தாள்கள், வளையம் போட்ட கோப்புகள். திருத்தங்கள் உறையில் வரும். விமானி வீட்டில் உட்கார்ந்து பழைய தாளை உருவிப் புதியதைச் சொருக வேண்டும். ஒரு தாள் இடம் மாறிவிட்டால் அது தெரியப்போவது இறங்கும் நேரத்தில்தான்.

2010இல் ஐபேடு வந்தது. 2013க்குள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் பைகளையெல்லாம் ஒழித்துவிட்டு, எடை குறைந்ததால் மட்டும் வருடத்துக்கு 4 லட்சம் காலன், அதாவது 15 லட்சம் லிட்டர் எரிபொருள் மிச்சம் என்றது. இந்த வகைக் கருவிக்குத் துறையில் ஏற்கெனவே இருந்த பெயர் ‘எலக்ட்ரானிக் ஃபிளைட் பேக்’, சுருக்கமாக ஈஎஃப்பி. தமிழில் மின்னணு விமானப் பை. பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. அது வந்தது பையின் இடத்துக்கு. விமானத்தின் கருவிகள் எதுவும் அதற்காக இடத்தைக் காலி செய்யவில்லை.

இதுவரை பார்த்தது இதுதான்: செயலி என்பது விமானிக்கான குறிப்புப் புத்தகம். வழிகாட்டும் வேலையை அதற்கு யாரும் கொடுக்கவில்லை.

ஒரு அப்ரோச் சார்ட்டைக் கையில் எடுத்தால்

கல்யாணப் பத்திரிகையின் பின்னால் ஒரு படம் போட்டிருப்பார்கள். பேருந்து நிலையம், அதிலிருந்து ஒரு கோடு, பெட்ரோல் பங்க், பிள்ளையார் கோவில், மண்டபம். ஊரில் இருக்கும் மற்ற ஐம்பது தெருவும் அதில் இருக்காது. அளவும் சரியாக இருக்காது. ஆனால் மண்டபத்துக்குப் போகிறவருக்கு அதைவிட நல்ல படம் வேறில்லை. வேண்டாததையெல்லாம் யாரோ யோசித்து நீக்கியிருக்கிறார்கள்.

அப்ரோச் சார்ட் அந்த ஜாதி. குறிப்பிட்ட ஓர் ஓடுபாதையில், குறிப்பிட்ட ஒரு வழிகாட்டும் கருவியை நம்பி எப்படி இறங்குவது என்பதை ஒரே பக்கத்தில் சொல்லும் வரைபடம் அது. காகிதத்தில் இருந்த காலத்தில் நம் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் அளவு. முழங்காலில் கட்டிக்கொண்டு பார்க்க வசதி. ஐபேடு மினி விமானிகளிடம் பிரபலமானதற்கு இதே முழங்கால்தான் காரணம்.

மேலிருந்து கீழே படிப்போம். உச்சியில் ஒரு பட்டை: எந்த அலைவரிசை, எந்தத் திசையில் இறங்க வேண்டும், ஓடுபாதை கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரம். அடுத்து, பருந்துப் பார்வையில் ஒரு படம்: எங்கிருந்து வந்து எங்கே திரும்புவது, பக்கத்தில் என்ன மலை, என்ன கோபுரம். அதற்குக் கீழே, அதே பாதையைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்ற படம். மாடிப்படி மாதிரி இறங்கும் கோடு. ஒவ்வொரு படியிலும் ‘இங்கே இந்த உயரத்துக்குக் கீழே போகாதே’ என்று எண். இந்தப் படம் அளவுக்கு வரைந்ததல்ல. பத்திரிகைப் படம் போலவே.

கடைசியில் ஒரு சின்ன அட்டவணை. என் கண்ணுக்கு முழுப் பக்கத்திலும் முக்கியமான இடம் இதுதான். முடிவெடுக்கும் உயரம் என்று ஒன்று இதில் இருக்கும். மிகச் சாதாரணமான கருவித் தரையிறக்கத்தில் தரையிலிருந்து 200 அடி, அதாவது ஒரு 20 மாடிக் கட்டடத்தின் உயரம். அந்த உயரம் வரும்போது ஓடுபாதையோ அதன் விளக்குகளோ கண்ணில் பட்டால் இறங்கலாம். படவில்லையா, யோசிக்கவே கூடாது. இன்ஜினுக்கு வேகம் கொடுத்து மேலே ஏற வேண்டும். ஏறி எங்கே போவது என்பதும் அதே பக்கத்தில் எழுதியிருக்கும். மண்டபத்துக்கு வழி சொல்லும் படத்தில், ‘மண்டபம் தெரியாவிட்டால் இப்படித் திரும்பிப் போய் இங்கே காத்திருங்கள்’ என்றும் போட்டிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

புறப்பாட்டுக்கு ஒரு வகைப் படம், ஊரை நெருங்குவதற்கு ஒரு வகை, நடுவழிக்கு ஒன்று, தரையில் விமானம் உருண்டு போகும் பாதைகளுக்கு ஒன்று என்று இன்னும் உண்டு. எல்லாவற்றின் தத்துவமும் ஒன்றே.

நடுவழிப் படத்தில் சாலைக்குப் பதில் புள்ளிகள் இருக்கும். வேபாயிண்ட், அதாவது வழிப்புள்ளி என்பது வானத்தில் அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்துக் குறித்த ஓர் இடம். பெரும்பாலும் ஐந்தெழுத்துப் பெயர். வாயால் உச்சரிக்க வர வேண்டும். சுட்ட இறைச்சிக்குப் பேர்போன கன்சாஸ் சிட்டியை நெருங்கும் தடங்களில் ஸ்பைசி, பார்பிக்யூ, ஸ்மோக், ரிப்ஸ் என்றெல்லாம் புள்ளிகள் உண்டு. நம்மவர்கள் வைத்தால் தோசை தேறும், ஆங்கிலத்தில் சரியாக ஐந்தெழுத்து. இட்லிக்கு ஓர் எழுத்து குறைகிறது.

28 நாள் பஞ்சாங்கம்

இப்போது தேதி விஷயத்துக்கு வருவோம். போன வருடப் பஞ்சாங்கத்தைப் பார்த்து யாராவது இந்த வருடம் முகூர்த்தம் குறிப்பார்களா? புத்தகத்தில் அச்சுப்பிழையே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் உதவாது. விமான வரைபடமும் அப்படியே.

மாறிக்கொண்டே இருக்க வானத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஓர் உதாரணம். ஓடுபாதைக்குப் பெயர் வைப்பது காந்தத் திசையை வைத்து. திசைகாட்டியில் 50 பாகை என்றால் அது 05, எதிர்முனை 23. லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்தில் 05/23 என்று இருந்த ஓடுபாதை 2009இல் 04/22 ஆனது. தார் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. பூமியின் காந்தப்புலம்தான் மெல்ல நகர்ந்துவிட்டது. உடனே ஓடுபாதையில் எழுதியிருந்த எண், ஓரப்பலகைகள், உலகம் முழுக்க விமானிகள் வைத்திருக்கும் வரைபடங்கள், விமானக் கணினிகளில் இருக்கும் தகவல் எல்லாம் ஒரே நாளில் மாற வேண்டும். ஆளுக்கொரு நாள் மாற்றினால் ஒருவர் 05 என்பார், இன்னொருவர் 04 என்பார்.

இந்த ‘ஒரே நாள்’ என்பதற்காக 1964இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஏரக் சுழற்சி என்று பெயர். முக்கியமான மாற்றங்கள் 28 நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில், உலகம் முழுக்க ஒரே தேதியில் நடைமுறைக்கு வரும். வருடத்துக்குப் பெரும்பாலும் 13 சுழற்சி. 2026இன் முதல் சுழற்சி ஜனவரி 22, அடுத்தது பிப்ரவரி 19. எல்லாரும் தயாராவதற்கு வசதியாகத் தகவலை வாரக்கணக்கில் முன்னதாகவே அனுப்பிவிடுவார்கள்.

மூலத் தகவல் ஒவ்வொரு நாட்டின் அரசு அமைப்பிடமிருந்து வருகிறது. இந்தியாவில் விமான நிலைய ஆணையம் அதைத் தொகுத்து இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ என்ற அரசு அமைப்பு வரைபடங்களையே தயாரித்து இலவசமாகத் தருகிறது. அப்படியானால் செயலிக்கு ஏன் பணம்? எல்லா நாட்டுத் தாள்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து, சரிபார்த்து, தேதி தவறாமல் சேர்ப்பதற்கு. ஃபோர்ஃபிளைட், கார்மின் பைலட், ஸ்கைடெமான், ஜெப்பசனின் ஃபிளைட்டெக் ப்ரோ எல்லாவற்றுக்கும் பிழைப்பு இதில்தான். அடுத்த சுழற்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை வந்ததும் பழையது காலாவதி என்று எச்சரிக்கும்.

பெரியவரின் ‘சிக்னல்’ கேள்விக்கும் பதில் இங்கே இருக்கிறது. வரைபடம் முழுவதும் தரையிலேயே ஐபேடுக்குள் இறங்கிவிடுகிறது. பறக்கும்போது செல்போன் கோபுரம் தேவையில்லை. இருக்கும் இடத்தைக் காட்ட ஜிபிஎஸ் செயற்கைக்கோள் போதும். இதில் ஒரு பொடி விஷயம்: வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லு கிடையாது, சிம் போடும் வகையில்தான் உண்டு. சிம் போடப்போவதில்லையே என்று விலை குறைந்ததை வாங்கி வந்து, தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவிக்கும் தண்டம் அழும் புது மாணவர்கள் எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் இருப்பார்கள்.

இரண்டு புத்தகம், ஒரே எழுத்து

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இது. விமானத்தை உண்மையில் வழிநடத்துவது ஐபேடு இல்லை. பயணிகள் விமானத்தின் உள்ளேயே எஃப்எம்எஸ் என்ற பறப்பு மேலாண்மைக் கணினி இருக்கிறது. வழிப்புள்ளிகளை விமானி அதில் தட்டச்சு செய்கிறார். தானியங்கிக் கருவி அதன் சொல்படி விமானத்தைத் திருப்புகிறது. அதற்கென்று தனித் தகவல் தொகுப்பு, அதற்கும் 28 நாள் ஆயுள். ஐபேடில் இருப்பது மனிதன் படிக்கும் புத்தகம், அது இயந்திரம் படிக்கும் புத்தகம். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று ஒப்பிடுவது விமானியின் வேலை.

ஒப்பிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1995 டிசம்பர் 20. மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்கு வந்துகொண்டிருந்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, ஒரு போயிங் 757. இரவு நேரம், இரு பக்கமும் ஆண்டிஸ் மலை, நடுவே பள்ளத்தாக்கு. தாமதமாக வந்த விமானத்துக்கு, சுற்றிப் போகாமல் நேராக இறங்கும் வாய்ப்பைக் கட்டுப்பாட்டு அறை கொடுத்தது. விமானிகள் ஒப்புக்கொண்டார்கள். அவசரம் தொற்றிக்கொண்டது.

புதிய பாதையில் ரோசோ என்ற, விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலி நிலையம் இருந்தது. காகித வரைபடத்தில் அதன் அடையாளம் ‘ஆர்’ என்ற ஒற்றை எழுத்து. விமானி எஃப்எம்எஸ்ஸில் ‘ஆர்’ தட்டினார். அந்த எழுத்தில் தொடங்கிய பட்டியலில் முதலில் வந்ததைத் தேர்ந்தெடுத்தார். அது ரோசோ இல்லை. தலைநகர் பொகோட்டா அருகிலிருந்த ரோமியோ. 200 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. அதே எழுத்து, அதே அலைவரிசை. ரோசோ வேண்டுமென்றால் அந்தக் கணினியில் முழுப் பெயரையும் தட்டியிருக்க வேண்டும். வரைபடத்தில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. விமானம் சொன்ன பேச்சு கேட்டு, இருட்டில், இறங்கிக்கொண்டே, பொகோட்டா பக்கம் திரும்பியது. தப்பு புரிந்து திரும்பி வருவதற்குள் பள்ளத்தாக்கை விட்டு விலகியிருந்தார்கள். மலையில் மோதியது. 163 பேரில் 4 பேர் பிழைத்தார்கள்.

வரைபடத்தைத் தந்ததும் ஜெப்பசன், கணினிக்கான தகவலைத் தந்ததும் ஜெப்பசன். 2000இல் அமெரிக்காவில் ஒரு ஜூரி பொறுப்பைப் பங்கிட்டது: விமான நிறுவனத்துக்கு 75 சதவீதம், ஜெப்பசனுக்கு 17, கணினியைச் செய்த ஹனிவெல்லுக்கு 8. வரைபடத்தில் ஓர் எழுத்தை எப்படிக் காட்டுகிறோம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நான் புரிந்துகொண்டது இந்த விபத்தைப் படித்தபோதுதான்.

சுருக்கமாக: ஐபேடு படிப்பதற்கு, எஃப்எம்எஸ் ஓட்டுவதற்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு மனிதர் உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

காற்றுக்கு யார் கணக்குப் போடுவது?

இந்தச் செயலிகளின் இரண்டாவது பெரிய வேலை பயணத் திட்டமிடல். கிளம்பும் ஊர், சேரும் ஊர் இரண்டையும் கொடுத்தால் மெஜந்தா நிறத்தில் ஒரு கோடு வரும். காண்பவர்கள் அசந்துபோவது அதைப் பார்த்துத்தான். ஆனால் அந்தக் கோட்டை ஓர் அளவுகோலால் யார் வேண்டுமானாலும் போடலாம். உண்மையான உழைப்பு காற்றில் இருக்கிறது.

ஆற்றைப் படகில் கடப்பவர் எதிர்க்கரையில் இருக்கும் படித்துறையை நோக்கி நேராகத் துடுப்புப் போட்டால், வெள்ளம் இழுத்துக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பிப் போடுவார். விமானமும் காற்று என்ற ஆற்றில்தான் போகிறது. எவ்வளவு திருப்ப வேண்டும், எவ்வளவு நேரம் கூடும் என்பதைச் செயலி வானிலை முன்னறிவிப்பை எடுத்து, பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போடுகிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சின்ன விமானம் 110 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். தூரம் 220 கடல் மைல். காற்றில்லாத நாளில் 2 மணி நேரம். மணிக்கு 32 லிட்டர் என்றால் 64 லிட்டர். எதிர்க்காற்று 20 நாட் அடித்தால் தரைக்கு மேல் வேகம் 90தான். 2 மணி 27 நிமிடம், 78 லிட்டர்.

சரி, திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுமே, சரியாகிவிடாதா? 130 நாட், 1 மணி 41 நிமிடம். கூட்டிப் பாருங்கள்: 4 மணி 8 நிமிடம். காற்றே இல்லாதிருந்தால் 4 மணி. இழந்தது முழுதாகத் திரும்பி வராது, ஏனென்றால் எதிர்க்காற்றில் இருக்கும் நேரம் எப்போதும் அதிகம்.

இதற்கு மேல் கையிருப்பு வேறு. அமெரிக்க விதிப்படி, கண்ணால் பார்த்துப் பறக்கும் சின்ன விமானம் பகலில் சேருமிடம் தாண்டியும் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவு எரிபொருளோடு கிளம்ப வேண்டும். பெரிய விமான நிறுவனங்களில் இந்தக் கணக்கை அலுவலகத்தில் இருக்கும் டிஸ்பாட்சர், பெரிய கணினிகளை வைத்துப் போட்டுவிடுவார். ஐபேடுக்கு வருவது முடிந்த திட்டம். விமானி அதைச் சரிபார்த்து ஒப்புக்கொள்கிறார்.

மெஜந்தா கோடு மலைமேலும் நேராகத்தான் போகும். அமெரிக்க வரைபடங்களில் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெரிய எண்ணும் பக்கத்தில் சின்ன எண்ணும் இருக்கும். 12, பக்கத்தில் சின்னதாக 5 என்றால், அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் மலை, கோபுரம் எதுவும் 12,500 அடிக்கு மேல் போகாது என்று பொருள். அனுபவசாலியின் கண் கோட்டைவிட இந்த எண்ணில்தான் முதலில் நிற்கும்.

விரலால் சுருக்கினால் மறைவது

செயலிகளில் இரண்டு வகை வரைபடம் உண்டு. காகிதத்தை அப்படியே படம் எடுத்தது ஒன்று. பெரிதாக்கினால் எழுத்தும் பெரிதாகும், சுருக்கினால் எழுத்தும் சுருங்கும். ஆனால் எதுவும் காணாமல் போகாது. மற்றது தகவலிலிருந்து அப்போதைக்கப்போது திரையில் வரைவது. சுருக்கும்போது நெரிசலைத் தவிர்க்கச் சிலவற்றை அதுவே மறைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆபத்தும் அங்கேதான்.

இதற்குச் சரியான உதாரணம் கடலில் நடந்தது. 2014 நவம்பரில் வோல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகப் பாய்மரப் பந்தயத்தில், தேர்ந்த மாலுமிகள் ஓட்டிய வெஸ்டாஸ் விண்ட் என்ற படகு, மொரீஷியஸுக்கு வடகிழக்கே ஒரு பவளத்திட்டில் முழு வேகத்தில் ஏறி நின்றது. அந்தத் திட்டு மின்னணு வரைபடத்தில் இருந்தது. போதுமான அளவு பெரிதாக்கிப் பார்த்தால்தான் அதன் முழு ஆபத்தும் தெரியும். அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. ஆள்சேதம் இல்லை. காகிதத்தை விரலால் சுருக்கி எதையும் மறைத்துவிட வழியில்லை என்பது எனக்கு இன்னமும் உறுத்துகிற விஷயம்.

நோட்டம்: பஞ்சாங்கத்தில் ஏறாத செய்தி

28 நாள் காத்திருக்க முடியாத செய்திகளும் உண்டு. இன்றிரவு ஓடுபாதையைப் பழுதுபார்க்கிறார்கள், ஒரு கிரேன் நிற்கிறது, விளக்கு எரியவில்லை. இவற்றுக்கு நோட்டம் (NOTAM) என்ற உடனடி அறிவிப்பு. 2023 ஜனவரி 11 அன்று அமெரிக்காவில் இந்த நோட்டம் கணினி அமைப்பு படுத்தபோது, நாடு முழுவதும் உள்நாட்டுப் புறப்பாடுகளையே சிறிது நேரம் நிறுத்திவைத்தார்கள். அவ்வளவு முக்கியம்.

படிப்பதற்கோ கொடுமை. எல்லாம் பெரிய எழுத்தில், சுருக்கக் குறிகளில், தந்தி காலத்து நடையில் பக்கம் பக்கமாக வரும். 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா 759 இரவில் இறங்க வந்தது. இரண்டு இணை ஓடுபாதைகளில் ஒன்று மூடி, விளக்கணைத்து இருந்தது. அந்தச் செய்தி விமானிகளிடம் இருந்த 27 பக்கத் தொகுப்பில் 8ஆம் பக்கத்தில் இருந்தது. அது மனதில் பதியாததால், விளக்கு எரிந்துகொண்டிருந்த ஓடுபாதையை இடப்பக்க ஓடுபாதை என்று எண்ணி, அதற்கு வலப்பக்கம் இருந்த இணைப்புப் பாதையை நோக்கி இறங்கினார்கள். அங்கே நான்கு விமானங்கள் வரிசையில் நின்றிருந்தன. தரையிலிருந்து ஏறத்தாழ 60 அடி வரை வந்துவிட்டுத்தான் மேலே ஏறினார்கள்.

நல்ல செயலி இந்த இடத்தில் உண்மையிலேயே உதவுகிறது. மூடிய ஓடுபாதையின் நோட்டத்தைப் பட்டியலில் எங்கோ புதைக்காமல், விமான நிலையப் படத்தின் மேலேயே சிவப்பில் காட்ட முடியும். காகிதத்தால் முடியாதது இது. மெஜந்தா கோட்டைவிட நூறு மடங்கு உபயோகமான வசதி என்பேன்.

சரி, ஐபேடு கெட்டுப்போனால்?

கெட்டுப்போகும். ஆப்பிள் சொல்லும் வெப்ப வரம்பு 35 டிகிரி. வெயிலில் நிற்கும் செஸ்னாவின் கண்ணாடிக்குள் அதைத் தாண்டச் சில நிமிடம் போதும். திரை கறுத்து, ஒரு வெப்பமானிப் படம் வந்து நிற்கும். அதனால் சின்ன விமானக்காரர்கள் குளிர்காற்றுத் துளைக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள், கைபேசியில் ஒரு நகல் வைக்கிறார்கள், சிலர் சேருமிடத்தின் அப்ரோச் சார்ட்டை மட்டும் தாளில் அச்சடித்து மடித்து வைத்துக்கொள்கிறார்கள். பயணிகள் விமானத்தில் விமானிகள் இரண்டு பேர், ஐபேடும் இரண்டு. ஒன்று அணைந்தால் இன்னொன்று. பறந்துகொண்டிருக்கும் விமானம் எஃப்எம்எஸ்ஸின் பேச்சைக் கேட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இரண்டும் ஒரே நேரத்தில் அணைந்தால்? அதுவும் நடந்திருக்கிறது. 2015 ஏப்ரல் கடைசியில் ஒரு மாலை, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் ஐபேடுகளில் வரைபடச் செயலி புறப்படும் நேரத்தில் அடுத்தடுத்து மூடிக்கொண்டது. புதிய தொகுப்பில் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்துக்கான ஒரே வரைபடம் தவறுதலாக இரண்டு முறை ஏறியிருந்தது. செயலிக்கு அந்த இரட்டையைக் கையாளத் தெரியவில்லை. தீர்வு, செயலியை அழித்துவிட்டு மறுபடி இறக்கிக்கொள்வது. இறக்க இணையம் வேண்டும். இன்ஜின் நன்றாக இருந்தது, எரிபொருள் நிரம்பியிருந்தது, பயணிகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சில விமானங்கள் வைஃபைக்காக கேட்டுக்குத் திரும்பி வந்தன.